விசில் அடித்த சித்தப்பா கார்!

சாயங்காலம் 4 மணி. டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து ஒரு செய்திக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். முத்துப்பேட்டையில் இருக்கும் சித்தப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட். ஹெட்போன் மாட்ட மறந்து ப்ளே பண்ணிவிட்டேன். 'ஊ... ஈ... ஈ...' என்று ஆரம்பித்து, நடுவில் 'கர கர கர' என்று மாறி, கடைசியில் சித்தப்பாவின் குரல் வந்தது.

"பாப்பா, நீதான் பத்திரிகையில கார் பத்தியெல்லாம் எழுதுறியே... இது என்ன சத்தம்னு கேட்டுச் சொல்லு."

"யாருப்பா ஆபீஸ்ல குக்கர் வெச்சது?" என்றார் பக்கத்து சீட் அண்ணன்.

கார் பற்றி எழுதுகிறேன் என்பது உண்மைதான். புது கார் அறிமுகமானால் விலை, கலர், மைலேஜ் என்று அட்டவணை போடுவேன். பானெட்டைத் திறந்து பார்த்தது கிடையாது. ஆனால், சித்தப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது? "சனிக்கிழமை ஊருக்கு வர்றேன் சித்தப்பா" என்று பதில் போட்டுவிட்டேன்.

அது ஒரு பழைய 7 சீட்டர் டர்போ டீசல். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லா கம்பெனி கார்களுக்கும் வயதாகத்தான் செய்கிறது. 3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது தென்னை மட்டைகள் விழுந்து கூரையில் ஏற்பட்ட பள்ளம் இன்னும் இருக்கிறது. நாகூர், வேளாங்கண்ணி, ஜாம்புவானோடை தர்கா, கல்யாணம், காதுகுத்து என்று வாடகைக்கு ஓடும். அதைவிட முக்கியமாக, வாரத்தில் 2 நாள் எங்கள் தெரு ஹெச்.எம். சாரை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போய் வரும். சார் ரிட்டயர் ஆகிப் பல வருடங்கள் ஆனாலும் தெருவுக்கு இன்னும் ஹெச்.எம். தான்.

பிரச்னை அங்கேதான் வந்தது. ஒரு டயாலிசிஸ் நாளில், ஒரத்தநாடு தாண்டியதும் வெப்பமானியின் ஊசி சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டுக்குள்ளிருந்து ஆவி. சித்தப்பா வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, 40 நிமிடங்களுக்கு மேல் காத்திருந்திருக்கிறார். டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் குடிக்கும் தண்ணீர்கூட அளவுதான். அன்றைக்கு என்று அளந்து எடுத்து வந்த அரை லிட்டர் பாட்டிலை சார் நீட்டியிருக்கிறார். "இந்தாப்பா, எனக்குத்தான் இதைக் குடிக்க ஆயிரம் கண்டிஷன். உன் வண்டியாவது குடிக்கட்டும்." அந்த பாட்டிலும் டீக்கடையில் வாங்கிய ஒரு குடம் தண்ணீரும் சேர்ந்து வண்டியை நகர்த்தின. ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது சாருக்கான நேரம் முடிந்து வேறொருவருக்கு மெஷின் போட்டுவிட்டார்கள். ராத்திரிதான் இடம் கிடைத்தது. வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிட்டது.

"அடுத்த தடவை வேற வண்டி பாத்துக்கறேன்"னு சார் சொல்லவில்லை. அதுதான் சித்தப்பாவை அதிகம் உறுத்தியது.

மறுநாள் வெளியூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "டர்போ போயிடுச்சு, அதான் விசில் அடிக்குது, அதான் ஹீட் ஆகுது. மாத்தணும்" என்று சொல்லி ஒரு தொகையைச் சொன்னார்கள். சித்தப்பாவின் 2 மாத வருமானம். சித்தி, "பேசாம உடைக்கப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

டர்போ என்றால் என்ன?

பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது இதைத்தான் படித்துக்கொண்டு போனேன். இன்ஜின் வெளியே தள்ளும் சூடான புகை சும்மா சைலன்சர் வழியே போய் வீணாகிறது அல்லவா? அந்தப் புகையை ஒரு சின்னக் காற்றாடி மேல் அடித்துச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடியால் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிப்பதுதான் டர்போ. காற்று அதிகம், அதனால் எரியும் டீசலும் அதிகம், அதனால் சின்ன இன்ஜினுக்கே பெரிய பலம். ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். நம் சாலைகளில் 1998-ல் வந்த டாடா சஃபாரி, 2002-ல் வந்த மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, 2005-ல் வந்த டொயோட்டா இன்னோவா என்று டர்போ டீசல்கள் பெருகின. சென்னையை ஒட்டிய பையனூரில் டர்போ எனர்ஜி என்ற கம்பெனி டர்போக்களையே தயாரிக்கிறது.

நம் வீட்டு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று சுற்றும். டர்போவின் காற்றாடி 1 லட்சம் சுற்றுகளைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரு பக்கம் 600, 700 டிகிரி சூட்டில் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் அந்தத் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். இவ்வளவு பாடுபடுகிற ஒரு பொருள் கெட்டுப்போனதாக யார் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும். நானும் நம்பிவிட்டேன்.

நம்பாதவர், ஈ.சி.ஆர் ஓரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய்.

"அண்ணே, டர்போவைக் குத்தம் சொல்றது சுலபம். சத்தம் எப்ப வருதுன்னு சொல்லுங்க" என்று சித்தப்பாவைக் கேட்டார். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? நிற்கும்போதா, ஓடும்போதா? ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கூடுகிறதா, வண்டி வேகத்தோடு கூடுகிறதா? பிறகு நின்றபடியே வண்டியை ரேஸ் பண்ணச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது ஒரு சத்தம் இல்லண்ணே. ரெண்டு சத்தம்."

அதை நான் கவனிக்கவே இல்லை. வாய்ஸ் நோட்டை 20 தடவையாவது கேட்டிருப்பேன். 'ஊ... ஈ...' வேறு, 'கர கர' வேறு. விசில், மிதித்து ஓட்டும்போது மட்டும் வருகிறது. கர கர, வண்டி நின்றாலும் இன்ஜின் ஓடும்வரை இருக்கிறது. நின்ற இடத்திலேயே இன்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கினால் சக்கரம், வீல் பேரிங் எல்லாம் கணக்கிலிருந்து போய்விடும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார் பாய்.

அடுத்து ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முனையை இன்ஜினின் ஒவ்வொரு பாகத்தின் மேலும் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டார். டாக்டரின் ஸ்டெதஸ்கோப்தான். "நீயும் கேளும்மா. மொதல்ல துப்பட்டாவை நல்லா இறுக்கிக் கட்டு, முடியைச் சொருகு. பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கண்ணு கிடையாது." (வீட்டில் முயற்சி செய்பவர்கள் இந்த வரியை மறுபடி படிக்கவும்.) டைனமோ மேல் வைத்தேன். மெல்லிய ரீங்காரம். வாட்டர் பம்ப் மேல் வைத்தேன். அம்மியில் கல் உப்பு அரைப்பது மாதிரி கேட்டது.

உறுதி செய்ய, இன்ஜினை நிறுத்தி பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டார். இந்த வண்டியில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது அந்த பெல்ட்தான். கர கர சத்தம் அப்படியே காணாமல் போனது. டார்ச் அடித்துக் காட்டினார். பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து காய்ந்து வழிந்த வெள்ளைக் கறை. உள்ளே சீல் போய்த் தண்ணீர் கசிகிறது என்பதற்கான அடையாளம் அது. பம்ப் சரியாகத் தண்ணீரைத் தள்ளவில்லை, இருக்கிற தண்ணீரும் குறைகிறது, அதனால் இன்ஜின் கொதிக்கிறது.

விசில்? டர்போவிலிருந்து வரும் காற்றை இன்டர்கூலருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ், கிளாம்ப்புக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளம் கிழிந்திருந்தது. சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும். மிதித்தால் காற்று அழுத்தி வாயைத் திறந்து விசிலடிக்கும். பாதிக் காற்று வழியிலேயே போய்விடுவதால் பிக்கப் இருக்காது, டீசல் சரியாக எரியாமல் கரும்புகை வரும். "ஆமாம் பாய், பட்டுக்கோட்டை மேம்பாலம் ஏறவே மூச்சு வாங்குது" என்றார் சித்தப்பா. நம் டெல்டாவில் மேடு என்றால் பாலம்தானே!

டர்போவையும் பாய் சும்மா விடவில்லை. இன்ஜின் நன்றாக ஆறியபின் ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, காற்றாடியின் நடுத் தண்டை விரலால் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய தழும்பு இருந்தாலோதான் கவலை. இரண்டும் இல்லை. ஹோஸுக்குள் லேசான ஆயில் ஈரம் இருந்தது. அது வழக்கம்தானாம், தேங்கி நின்றால்தான் ஆபத்து.

டீ போட கேன் தண்ணி, காருக்கு?

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோதுதான் விஷயமே ஆரம்பித்தது. பழைய வாட்டர் பம்ப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார் பாய். உள்ளே தண்ணீரைத் தள்ளும் இறக்கைகள் எலி கடித்த மாதிரி அரித்துப்போயிருந்தன. ரேடியேட்டரிலிருந்து வடிந்தது டீ கலர் தண்ணீர், அதில் வெள்ளைச் செதில்கள்.

"எந்தத் தண்ணிண்ணே ஊத்துவீங்க?"

"வீட்டு போர் தண்ணிதான் பாய். வேற என்ன?"

பாய் எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவரச் சொன்னார். ஒரு தகர மூடியை அடுப்பில் சூடாக்கி, அதில் 2 ஸ்பூன் தண்ணீர் விட்டார். 'சொய்ங்' என்று வற்றியது. மூடியில் வட்டமாக வெள்ளை மாவு.

"இதான் 10 வருஷமா உங்க ரேடியேட்டர்ல சேந்துக்கிட்டு இருக்கு."

முத்துப்பேட்டைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. பாமணியாறும் கோரையாறும் கடைசியாக வந்து சேரும் இடம். தெற்கே காயல், அலையாத்திக் காடு, அதற்கப்பால் கடல். நிலத்தடி நீரில் உப்பு ஏறிய ஊர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ. அந்தத் தண்ணீரில் டீ போட்டால் திரிந்துபோகும் என்று கேன் தண்ணி வாங்குகிறோம். குளித்தால் முடி கொட்டுகிறது என்று புலம்புகிறோம். காருக்கு மட்டும் கூசாமல் ஊற்றுகிறோம்.

கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, சூடு பட்டதும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் கல்லாகப் படிகிறது. வாட்டர் ஹீட்டர் ராடில் பார்த்திருப்பீர்களே, அதே வெள்ளைக் கல். அது படிந்தால் சூடு வெளியேறாது. உப்பு இன்னொரு பக்கம் அலுமினியத்தை அரிக்கும். பாய் சூடு அளக்கும் துப்பாக்கியால் ரேடியேட்டரைக் காட்டினார். மேல் பகுதி சுட, கீழே ஓர் ஓரம் முழுக்கச் சூடே ஏறாமல் இருந்தது. அங்கே தண்ணீர் ஓட்டமே இல்லை என்று அர்த்தம். (கொரோனா சமயத்தில் நெற்றியில் காட்டிய துப்பாக்கி இதற்கு உதவாது. அது உடல் சூட்டுக்கு மட்டும்.)

வெளிப்பக்கம் இன்னொரு கூத்து. ரேடியேட்டரின் முகம் முழுக்க நெல் தூசியும் வைக்கோல் துணுக்கும் அப்பியிருந்தன. சம்பா அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே வைக்கோல் பரப்பியிருப்பார்கள், நாம் அதன்மேல் ஓட்டிப் போவோம். அடைப்பாவது பரவாயில்லை. வண்டிக்கு அடியில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் சைலன்சர் சூட்டில் தீயே பிடிக்கலாம். அப்படி ஓட்டி வந்தால், கருகல் வாடை வருகிறதோ இல்லையோ, ஓரங்கட்டிக் குனிந்து பார்த்துவிடுங்கள்.

பம்ப், பெல்ட், தெர்மோஸ்டாட், ஹோஸ், ரேடியேட்டர் சுத்தம், கூலன்ட், கூலி. எல்லாம் சேர்த்து, முதலில் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. முதல் ஒர்க்‌ஷாப் ஏமாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். விசில் என்றாலே டர்போ என்று கை நீள்வது இயல்பு. நேரம் ஒதுக்கிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த அவசரத்தில் 2 மாத வருமானம் போயிருக்கும், புது டர்போ போட்ட பிறகும் வண்டி கொதித்திருக்கும்.

"டர்போவால ஹீட் ஆச்சுன்னு சொன்னாங்க. உண்மை தலைகீழ்மா" என்றார் பாய். இன்ஜின் அதிகமாகச் சூடானால் ஆயில் நீர்த்துப்போகும். அந்த ஆயிலை நம்பித்தான் டர்போ தண்டு சுற்றுகிறது. இப்படியே இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் டர்போ நிஜமாகவே போயிருக்குமாம்.

அவரிடம் கேட்டு நான் குறித்துக்கொண்டவற்றில், உங்களுக்கு உடனே உதவக்கூடியவை சில.

ஊசி ஏற ஆரம்பித்தாலே ஏ.சி-யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுதாக வைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் ஹீட்டரா என்று கேட்காதீர்கள், அது இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கி உள்ளே தள்ளும். நமக்கு வியர்க்கும், வண்டி பிழைக்கும். ஊசி சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ யோசிக்காமல் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சில நேரம் தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டால், சென்சாரைத் தொடத் தண்ணீரே இல்லாமல் ஊசி கீழே இறங்கிவிடும். சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டினால் இன்ஜின் காலி.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குக்கர் வெயிட்டைத் தூக்குவதைவிட மோசம். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அத்தனையும் முகத்தில் பொங்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. சித்தப்பா 40 நிமிடம் காத்திருந்தது அதனால்தான்.

டிராஃபிக்கில் நின்றால் ஹீட், ஓடினால் சரியாகிறது என்றால் ஃபேனைப் பாருங்கள். நீண்ட தூரம் ஓடும்போது ஹீட் என்றால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட் பக்கம் சந்தேகம் போகட்டும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் கூலன்ட் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி ஒட்டியிருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட். அது பெரிய வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீல் மோசமாகப் போனால், டீசல் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துத் தானாக ரேஸ் ஆகும், சாவியை எடுத்தாலும் நிற்காது. அரிதுதான். கியர் வண்டியானால் பிரேக்கை முழுதாக அழுத்தி, டாப் கியரில் போட்டு கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். முடியவில்லை என்றால் எல்லோரையும் இறக்கிவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள்.

ஹைவேயில் மிதித்து வந்த டர்போ வண்டியை வீட்டு வாசலில் சட்டென்று அணைக்காதீர்கள். ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டால் காற்றாடி வேகம் குறைந்து, சூடு ஆயிலோடு போகும். உடனே அணைத்தால் உள்ளே நிற்கும் ஆயில், சட்டியில் தீய்ந்த எண்ணெயாகிப் பேரிங்கில் ஒட்டும். ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனமும் டர்போவுக்கு ஆகாது. கூலன்ட்டை உங்கள் வண்டி மேனுவலில் சொன்ன ரகமாகப் பார்த்து வாங்குங்கள். பச்சை, சிவப்பு என்று கலரை மட்டும் நம்பிக் கலக்க வேண்டாம். கலக்கத் தண்ணீர் தேவைப்பட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நடுரோட்டில் வேறு வழியில்லாமல் ஊற்றியது விதிவிலக்கு, ஆனால் ஊர் வந்ததும் வடித்துவிட்டு மாற்றுங்கள்.

ஞாயிறு சாயங்காலம் சித்தப்பாவோடு ஒரு ரவுண்டு போனேன். உதயமார்த்தாண்டபுரம் வரை போய்த் திரும்பினோம். ஏ.சி ஓடியது, ஊசி நடுவிலேயே நின்றது. வீட்டு வாசலில் வந்து நின்றதும் சித்தப்பா இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "என்னங்க, இறங்கலையா?" என்று சித்தி கேட்டதற்கு, "ஆறட்டும் இரு" என்றார்.

நேற்று மறுபடி ஒரு வாய்ஸ் நோட். இந்த முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். சீரான இன்ஜின் சத்தம், தூரத்தில் தஞ்சாவூர் பஸ் ஹாரன். பின் சீட்டிலிருந்து ஹெச்.எம். சார் குரல்:

"பாப்பா, உங்க சித்தப்பன் இன்னும் என் தண்ணி பாட்டிலைத் திருப்பித் தரல. நீயாவது கேட்டுச் சொல்லு."